பூட்டுப் போட்டவள்

உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது. ஆங்கிலத்தில்தான் சொன்னது, ஆனால் ரேணுகாவின் மண்டைக்குள் அது தமிழில் விழுந்தது, அதுவும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சரின் குரலில், வெளியே போய் நில் என்கிற தோரணையில். யாருக்கு அனுமதி இல்லையாம்? அவளுக்கா? இந்த வெப்சைட்டுக்கு இடம் பிடித்தவள் அவள், பெயர் வைத்தவள் அவள், பட்டறையில் கடையும் ஒவ்வொரு புஷ்ஷையும் ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் வெள்ளை வேட்டி விரித்துப் படம் எடுத்து ஏற்றியவள் அவள். கன்ட்ரோல் பேனல் என்கிற அந்தப் பின்கட்டுக் கதவுக்குச் சாவி வைத்திருக்கும் ஒரே ஜீவனும் அவள்தான். முன்வாசலில் ஒரு குறையும் இல்லை. வெப்சைட் திறந்தது, படங்கள் வந்தன, பட்டறையின் போன் நம்பர் வந்தது, ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் தாராளமாக உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம். பின்கட்டுக் கதவு மட்டும் வீட்டுக்காரியையே பார்த்து நீ யார் என்று கேட்கிறது. பாஸ்வேர்டு கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பாஸ்வேர்டு கேட்கிற இடம் வரைக்கும் அவளை விடவே இல்லை. அவள் மறுபடி அழுத்தினாள். அனுமதி இல்லை. கீழே பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் அவள் காதைக் குடைந்தது. கல்யாணமாகி கணபதி என்கிற இந்த ஊருக்கு, பட்டறைக்கு மேலே இந்த மாடிக்கு வந்த நாளிலிருந்து தரை ஒரு பகல்கூடச் சும்மா இருந்ததில்லை, இரும்பு கடைகிற லேத்து ஓடினால் டம்ளரில் இருக்கிற தண்ணீர் நடுங்கும், உள்ளங்கால் நடுங்கும், அந்த நடுக்கத்தில்தான் அவள் தூங்கப் பழகினாள், பிள்ளை பெற்றாள், கம்ப்யூட்டர் கற்றாள். இன்றைக்கு விஜயதசமி. நேற்று ஆயுத பூஜையில் படுத்த இயந்திரங்கள் எல்லாம் இன்று காலை எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை. காரணம் அவள். அவள் மேலே ஒரு பட்டனை அழுத்தினால்தான் கீழே லேத்து ஓடும் என்று மாமா சொல்லிவிட்டார்.

மாமா என்றால் மாமனார் வெள்ளிங்கிரி. இன்னொருவர் பம்புக்கு உருப்படி கடைந்து கொடுத்தே நாற்பது வருடம் ஓட்டியவர், இந்த ஐப்பசிக்கு முன்னால் தன் பட்டறைப் பெயரிலேயே ஒரு மோட்டார் பம்ப் முழுசாகச் செய்து முடித்துவிட்டார். அதற்கான பக்கத்தை ரேணுகா பதினைந்து நாளாக இழைத்து இழைத்துச் செய்து வைத்திருக்கிறாள். அதைத் திறந்து விட வேண்டியதுதான் பாக்கி, திறக்கிற பொத்தான் அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. முந்தாநாள் பட்டறை கழுவி விடும்போது, எல்லோர் கையிலும் துடைப்பம் இருக்கும்போது, மாமா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "தசமிக்கு மொதல்ல அம்மிணி மேல தொறக்கட்டும். அப்பறமா லேத்தைத் தொடலாம்." துடைப்பங்கள் நின்றன. பட்டறையின் மூத்த லேத்துக்காரர் ஆறுச்சாமியண்ணன் கையிலிருந்த துடைப்பம் எல்லாவற்றுக்கும் கடைசியாக நின்றது. பட்டறை தொடங்கிய வருடத்திலிருந்து ஒவ்வொரு விஜயதசமிக்கும் முதல் லேத்தின் லீவரை இழுப்பது அவர் கை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலே, கம்ப்யூட்டர்ப் பொட்டி சுத்துனா இரும்பு சீவுமா என்று அவர் கேட்டது ரேணுகாவுக்குக் கேட்டது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவள் திறக்காவிட்டால் ஆறுச்சாமியண்ணன் வழக்கம்போல் லீவரை இழுப்பார், யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள், அதுதான் மோசம். பரவாயில்லை அம்மிணி, சாயங்காலமாப் பார்த்துக்கலாம் என்பார்கள். சாயங்காலமாகத் திறப்பதற்கு அது கடையா, கதவா? அடுத்த வருடம் மாமா இப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டார். அவள் மறுபடியும் மாடியில் உட்கார்ந்து பில் போடுகிற மருமகளாகி விடுவாள்.

திருடனாக இருக்குமோ என்று நினைத்தாள். திருடன் ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறான். இரண்டு வருடம் முன்னால் ஒரு காலையில் ஈரோட்டிலிருந்து ஒரு வியாபாரி மாமாவுக்குப் போன் செய்து, என்னங் வெள்ளிங்கிரி, பட்டறைய மூடீட்டுச் சீட்டாட்டக் கிளப்பு ஆரம்பிச்சுட்டீங்களா என்று சிரித்தான். ரேணுகா ஓடிப் போய்ப் பார்த்தால், ஷாஃப்ட் இருந்த இடத்தில் எல்லாம் சூதாட்ட விளம்பரம், பளபளவென்று, அரைகுறை உடுப்போடு பெண்பிள்ளைகள். மாமா அவள் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார். திட்டியிருந்தால் அவள் அழுதுவிட்டு மறந்திருப்பாள். திட்டாததால்தான் கற்றாள். யாரிடமும் போய் நிற்கவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீடியோ பார்த்துப் பார்த்து, புரியாததை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, குப்பையைக் கூட்டி வெளியே தள்ளினாள். பிறகு பூட்டுப் போட்டாள். என்ன பூட்டு! நெட்டில் நுழைகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, இந்த வீட்டு நம்பரிலிருந்து வருகிறவருக்கு மட்டும் கதவைக் காட்டு, வேறு எந்த நம்பரிலிருந்து யார் வந்தாலும், கையில் சரியான சாவியே இருந்தாலும், அனுமதி இல்லை என்று சொல்லி அனுப்பு என்று சர்வருக்குச் சட்டம் எழுதினாள். எதற்காக இந்தச் சட்டம் என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் இருந்தது, அதில் "திருட்டு" என்று எழுதினாள். அன்றிலிருந்து ஒரு ஈ காக்கை உள்ளே போனதில்லை. அவள் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதிப் போட்டாலும் எவனாலும் நுழைய முடியாது, அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, தாலிக்கொடியைப் போல அதை வெளியே தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே திருடன் வந்திருக்க முடியாது. ஆகவே அவள் ஏன் வெளியே நிற்கிறாள்? வீட்டில்தானே இருக்கிறாள், வீட்டு நெட்டில்தானே வருகிறாள்? ஒருவேளை பூட்டையே மாற்றுகிற அளவுக்குத் தேர்ந்த திருடனா? அவன் நம்பரை எழுதிவிட்டு அவள் நம்பரைத் தூக்கிவிட்டானா? முன்வாசல் இன்னும் நன்றாக இருக்கிறது, அவள் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், ஷாஃப்ட் ஷாஃப்ட்டாகவே இருந்தது, புஷ் புஷ்ஷாகவே இருந்தது. ஆனால் இன்னும் ஐந்து நிமிடத்தில்? இன்றைக்கு வெப்சைட்டைத் திறந்து பாருங்கள் என்று மாமா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"அண்ணி, காப்பி" என்று நவநீதன் வந்து நின்றான். கொழுந்தன். பெங்களூரில் ஒரு பேங்க்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன், லீவுக்கு வந்திருக்கிறான், எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை, அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதனால்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தொறக்க மாட்டேங்குதுங்களா? நான் வேணா பாக்கட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. நான் பாத்துக்கறேன்."

"என் போன் நெட்ல டிரை பண்ணிப் பாருங்களேன்."

"அதுல தொறக்காது. தொறக்கக் கூடாது. நான் போட்ட பூட்டு அப்படி."

அவன் திரையைக் குனிந்து பார்த்தான், பார்த்துவிட்டுக் கொஞ்சம் மரியாதையாக நிமிர்ந்தான். அந்த மரியாதையை அவள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள். "அப்ப வீட்டு நம்பர் மாறியிருக்குமோ அண்ணி?"

"மாறாது" என்றாள் ரேணுகா. "ரெண்டு வருசமா மாறல. மோடத்தை அணைச்சாத்தான் மாறும். அதை யாரும் அணைக்கறதில்லை."

அவன் போய்விட்டான். காப்பி ஆறியது. மாறாது என்று அவள் சொன்னது சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற மாதிரி, யோசித்துச் சொன்னது அல்ல. நெட் போட வந்த பையன் சொல்லியிருந்தான், ரொம்ப நேரம் அணைத்துப் போட்டால்தான் கம்பெனி வேறு நம்பர் கொடுக்கும், இல்லாவிட்டால் இதேதான் என்று. அன்றே அவள் மோடத்தை இன்வெர்ட்டரில் மாட்டினாள், சுவிட்சுக்கு மேலே "அணைக்கக் கூடாது" என்று காகிதத்தில் எழுதி ஒட்டினாள். கரண்ட் போனாலும் அது போகாது. பிள்ளை அந்தப் பக்கம் பந்து எறிந்தால் திட்டு விழும். ஒரு நாள் மாமா மோட்டார் படம் எடுப்பதற்காக மேலே வந்தபோது, கதவுக்கு மேல் பலகையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த அதை அண்ணாந்து பார்த்து, "இது எந்நேரமும் எரிஞ்சுட்டே இருக்குதே, இதுக்கு ஓய்வே இல்லையா?" என்று கேட்டார். "அணைச்சா வேலை நின்னுருமுங் மாமா" என்றாள் அவள். "ம்" என்றார். அந்த ம் ரொம்ப நீளமாக இருந்தது, அப்போது அவளுக்கு அது பட்டறைக்காரர் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படுவதாகப் பட்டது. இப்போது எதற்கு இது ஞாபகம் வருகிறது? ஞாபகத்துக்கு வேளை கெட்ட வேளை தெரிவதில்லை. அவள் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டாள், வெப்சைட்டுக்கு வாடகைக்கு இடம் கொடுத்த கம்பெனியில் இன்று விடுமுறை போலும், ஒரு பாட்டு ஓடியது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள், முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே. வெட்டினாள். கீழே யாரோ பொரியை முறத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பொரி, கடலை, வெல்லம், வாழைக்கன்று, பூசணிக்காய், எலுமிச்சை. நேற்று அவள் பன்னிரண்டு பேருக்குச் சுண்டலும் பொங்கலும் கிண்டிவிட்டு வேர்த்துப்போய் இறங்கிப் போகிறபோது கற்பூரம் காட்டி முடிந்துவிட்டது. லேத்து நாலுக்கும் சந்தனம், ட்ரில்லிங் மெஷினுக்குச் சந்தனம், தராசுக்கு, சுத்தியலுக்கு, ஆறுச்சாமியண்ணனின் அளவுகோலுக்கு, வாசலில் நிற்கிற மொபெட்டின் நெற்றிக்குக்கூடச் சந்தனம் குங்குமம். அவள் மெதுவாக மாடிக்கு வந்து தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மூளி நெற்றியோடு உட்கார்ந்திருந்தது. போன வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான், ஒவ்வொரு வருடமும் அவள் யாருக்கும் தெரியாமல் வந்து பார்ப்பாள், ஒவ்வொரு வருடமும் அதற்குப் பொட்டு இருக்காது. தானே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிற மாதிரி அது, அவள் செய்ய மாட்டாள். மொபெட் ஆயுதமாம், இது ஆயுதம் இல்லையாம். போன வருடம் வந்த ஆர்டரில் பாதி எந்த வழியாக வந்தது, மொபெட் வழியாகவா? வலித்தது. முதலில் அம்மிணி திறக்கட்டும் என்று சொன்ன வாய்தான், ஆனால் ஒரு சொட்டுச் சந்தனத்துக்குக் கை வரவில்லை என்று நினைத்து வலித்தது. அந்த வலியோடுதான் படுத்தாள், அந்த வலியோடுதான் காலையில் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தால் அனுமதி இல்லை.

"அம்மிணி" என்று கீழேயிருந்து ஆறுச்சாமியண்ணனின் குரல். குரலில் குத்தல் இல்லை, அவரும் பாவம், காலையிலிருந்து நிற்கிறார். "நேரம் ஆவுதுங். லீவர்ல கைய வெக்கட்டுங்களா, எடுக்கட்டுங்களா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணா."

"பொறுக்கறேனுங். ராகு பொறுக்கோணுமே."

யாரோ சிரித்தார்கள். அவள் கணவன் சதாசிவம் சிரிக்க மாட்டான், அவன் பேச்சும் சிரிப்பும் குறைந்தவன், ஓர் ஓரத்தில் நின்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருப்பான், அது இன்னும் கஷ்டம். நவநீதனைக் கூப்பிட்டுவிடலாமா? கூப்பிட்டால் என்ன, தலையா போய்விடும்? தம்பிதானே. கூப்பிட்டு அவன் சரி செய்தால் மாமா எல்லோருக்கும் பொரி கொடுக்கும்போது நவநீதனுக்கு ஒரு பிடி கூடப் போடுவார், ஆயிரம் இருந்தாலும் படிச்ச பையன் என்பார்கள், அதையும் அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டாள். பூட்டுப் போட்டவள் அவள், திறக்கிறவளும் அவள். அவள் இன்னொரு தடவை அழுத்தினாள், அனுமதி இல்லை, இன்னொரு தடவை, அனுமதி இல்லை. பூட்டு நல்ல பூட்டு, அதில் சந்தேகமே இல்லை, எவ்வளவு குலுக்கினாலும் அசையாத பூட்டு. குலுக்கக் குலுக்கப் பயத்தின் நடுவிலேயே அவளுக்கு ஒரு கர்வமும் ஊறியது, வேறு யாரோ போட்ட பூட்டாக இருந்தால் இந்நேரம் எங்கேயாவது ஒரு இடுக்கு கிடைத்திருக்கும். கழுத்து வலித்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள், சந்தன வாசனை வந்தது. கீழேயிருந்து வருகிறது என்று நினைத்தாள். ஆனால் கீழேயிருந்து வருகிற வாசனை எண்ணெயும் இரும்பும் கலந்து வரும், இது கலப்பில்லாமல் சுத்தமாக, தலைக்கு மேலேயிருந்து வந்தது. அவள் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

கதவுக்கு மேல் பலகையில் மோடம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம், மேலே ஒற்றைச் செவ்வந்திப்பூ. "அணைக்கக் கூடாது" என்று அவள் எழுதிய காகிதத்தின் மேலேயும், அவ்வளவு பெரிய எழுத்தை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, பார்த்துத்தான், சுவிட்சுக்குப் பக்கத்தில் மரியாதையாக ஒரு பொட்டு. மூன்று விரல். நடுவிரல் பாதிதான், அதனால் நடுக்கோடு குட்டை. பட்டறை தொடங்கின காலத்தில் லேத்து சாப்பிட்ட விரல், மாமாவுடையது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். மூட்டு வலிக்காரர், எல்லோரும் படுத்த பிறகு, மாடி ஏறி, ஸ்டூல் ஏறி, கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நேராக அதனிடம் போயிருக்கிறார். அவருக்குத் திரை ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ராத்திரி பகல் இல்லாமல் ஓடுகிற இயந்திரம் எது என்று அவர் அன்றைக்கே பார்த்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார், ம் என்று. பூஜைக்கு வைத்த ஆயுதம் ஓய்வெடுக்க வேண்டும். லேத்தைப் படுக்க வைத்த மாதிரியே இதையும் படுக்க வைத்திருக்கிறார். விடிந்ததும் எழுப்பிவிட்டிருக்கிறார். படுத்து எழுந்ததற்கு நெட் கம்பெனி புது நம்பர் கொடுத்துவிட்டது, புது நம்பரோடு வந்து நின்ற அவளை அவளுடைய பூட்டே யாரோ என்று நினைத்துவிட்டது. திரையில் வீட்டு நம்பரை ஒரு தடவை பார்த்தாள், பழைய நம்பர் அவளுக்குக் கல்யாணத் தேதி மாதிரி மனப்பாடம், இப்போது இருப்பது அது இல்லை, கடைசி மூன்று எண்ணும் வேறு. நவநீதன் சொன்னதுதான் சரி. சரியாக இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு இப்போது யார் மேலேயும் கோபம் இல்லை. திருடன் வரவில்லை. பூட்டு கெடவில்லை. இந்த வருடம் அவளுடைய வேலைக்கும் சந்தனம் உண்டு, அவள் தப்பான நெற்றியில் தேடியிருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது, புதுப் புடவையின் தலைப்பால் துடைத்தாள், சாயம் கொஞ்சம் ஒட்டியது.

அதற்குப் பிறகு கை தானாக ஓடியது. பின்கட்டுக்குள் நுழைய முடியாவிட்டால் இடம் கொடுத்த கம்பெனிக்கு நெட்டிலேயே இருக்கிற ஆபீஸ் வழியாகப் போய், நம்பர் மாறிவிட்டது, எழுதிக்கொள் என்று சொல்லலாம், அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அதன் பாஸ்வேர்டைப் போட்டாள். நீங்கள்தான் என்பதற்கு உங்கள் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறோம் என்றது. உங்கள் போன் என்றால் மாமாவின் பட்டன் போன், பட்டறை அவர் பெயரில் அல்லவா. அவள் படியிறங்கினாள். கீழே எல்லோரும் இருந்தார்கள். ஆறுச்சாமியண்ணன் லேத்துக்குப் பக்கத்தில், கை லீவருக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில். மாமா சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார், உள்ளே போன் கிணுங்கி ஓய்ந்திருந்தது.

"மாமா, போனைக் கொஞ்சம் குடுங்."

அவர் கொடுத்தார். கொடுத்த கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது, பையன் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நிற்பானே, அந்த முகம். "ஏனம்மிணி" என்றார், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் லேத்து ஓடாத பட்டறையில் எல்லாமே எல்லோருக்கும் கேட்கும். "ராத்திரி அந்த மேல் பொட்டிய நாந்தான் அணைச்சு வெச்சேன். நீ எழுதி ஒட்டியிருந்ததையும் பாத்தேன். ஒரு நாள் அதுவும் கண்ண மூடட்டும்னு... அதுல ஏதாச்சும் கெட்டுப் போச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலையிலிருந்து அவள் மேல் விழுந்த தாமதம் அத்தனையும் கழன்று விழும். இல்லை என்றாலும் போதும், நவநீதன் மட்டும் அது பொய் என்று கண்டுகொள்வான், கண்டுகொண்டு சும்மா இருப்பான். அவளுக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை. தலை நிமிர்ந்திருந்தது, அது தானாக நிமிர்ந்தது.

"ஒண்ணும் கெடலீங் மாமா" என்றாள். "ராத்திரி நல்லாத் தூங்கிருச்சுங். எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாயிருச்சு, அவ்வளவுதானுங்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், இரண்டு முறை. "ரெண்டு வருசத் தூக்கமாச்சே" என்றார்.

"அப்ப அதுக்கும் ஆயுத பூசை லீவு உண்டுன்னு ஆயிப்போச்சு" என்றார் ஆறுச்சாமியண்ணன். "இனி சுண்டல்ல அதுக்கும் ஒரு பங்கு ஒதுக்கோணும்." இந்த முறை சதாசிவமும் சிரித்தான்.

அவள் படியேறினாள். போனிலிருந்த நம்பரைப் போட்டாள், ஆபீஸ் அவளைத் தெரிந்துகொண்டது. பூட்டின் சட்டத்தைத் திறந்து பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதியதை எழுதினாள். எதற்காக மாற்றுகிறீர்கள் என்று அந்தச் சின்னக் கட்டம் கேட்டது. "திருட்டு" என்று அவள் முன்பு எழுதியது இன்னும் அதில் இருந்தது. அதை அழித்துவிட்டு "ஆயுத பூஜை" என்று எழுதினாள். கதவு திறந்தது. பக்கத்தைத் திறந்துவிட்டாள், வெள்ளை வேட்டிக்கு மேலே அவர்கள் பெயரிட்ட பம்ப் வந்து நின்றது. ஜன்னலுக்குப் போய், ஆச்சுங் என்று கீழே சொன்னாள். லீவர் விழுந்தது. முதலில் உள்ளங்காலில் வந்தது அந்த நடுக்கம், பிறகு ஆறிப்போன காப்பியில்.